வைரஸைச் சுமந்தது யார்? – குப்பத்தைச் சுற்றி நாலு வழக்கு

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. கொஞ்சம் பெரிய பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2022 பொங்கலுக்கு மறுநாள். இங்கே வெளியே பனி உறைந்து கிடக்கிறது. காலையில் தம்பி வாட்ஸப்பில் கூப்பிட்டான். பொங்கல் எப்படிப் போச்சு, மாடு கன்றெல்லாம் எப்படி இருக்கு என்று வழக்கமான பேச்சு. பேச்சில் சுரத்தே இல்லை. கடைசியில் கேமராவை மிளகாய்க் காட்டுப் பக்கம் திருப்பினான்.

"அண்ணா, நல்ல தாமர புருகு வந்துட்டுதுணா."

பக்கத்தில் இருந்த தங்கமணிக்கு (தஞ்சாவூர்ப் பக்கம்) ஒன்றும் புரியவில்லை. "நல்ல பூச்சி வந்தா நல்லதுதானே, ஏன் அழுவுற மாதிரி சொல்றாரு?" என்றாள். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. தாமர புருகு என்றால் இலைப்பேன். கறுப்பு இலைப்பேன். எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோலார் மண்டிக்குப் போனால் கன்னடம். பூச்சிக்கு மட்டும் எப்போதும் தெலுங்குப் பெயர்தான்.

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் தட்டிக் காட்டினான். எள்ளில் பாதி கூட இருக்காது, கரிய பொடி மாதிரி ஓடியது. ஒரே பூவில் அத்தனை! பக்கத்தில் இலையெல்லாம் சுருண்டு நிற்கிறது.

"மருந்துக் கடைக்காரர் இது வைரஸ் கொண்டாந்துட்டுதுன்னு சொல்றாருணா. நாலு பாட்டில் எழுதிக் குடுத்திருக்காரு. இல்லேன்னா செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு வேற வைன்னுட்டாரு. பிடுங்கட்டுமா?"

ஒன்றரை ஏக்கர். நாற்று, மல்ச்சிங் ஷீட்டு, சொட்டு நீர்க் குழாய், கூலி என்று போட்டதெல்லாம் கடன். பிடுங்கட்டுமா என்று அவன் கேட்டது செடியை மட்டும் இல்லை.

எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டர். பூச்சியைப் பற்றி என்ன தெரியும்? "ரெண்டு நாள் பொறுடா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டு நாளும் ஆபீசில் ஆணி பிடுங்குவதை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. "இந்தப் பூச்சி வைரஸைப் பரப்புமா?" என்ற இதே கேள்வி எங்கள் குப்பத்தைச் சுற்றி ஏற்கெனவே மூன்று தடவை கேட்கப்பட்டிருக்கிறது. மூன்று தடவையும் மூன்று விதமான பதில். அந்தப் பதில்கள் வருவதற்குள் எங்கள் வீட்டிலும் சில கணக்குகள் முடிந்துபோயின.

ஊர் தெரியாதவர்களுக்கு: குப்பம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் தென்மேற்கு மூலை. பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போனால் வழியில் வரும். ஒரு பக்கம் கோலார் தங்கவயல், ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் வாணியம்பாடி. மூன்று மாநிலமும் முட்டிக்கொள்ளும் இடம். மனுஷனுக்கு செக்போஸ்ட் உண்டு. பூச்சிக்கு இல்லை.

முதலில் இந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு பூச்சி சாற்றை உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொண்டால், சேதம் எண்ணிக்கையைப் பொறுத்தது. பத்துப் பூச்சி இருந்தால் பத்துப் பூச்சியின் சேதம். பாதியைக் கொன்றால் சேதமும் ஏறக்குறையப் பாதி. செடி தேறி மறுபடி துளிர்விடும். அதே பூச்சி வைரஸைச் சுமந்தால் கணக்கே வேறு. ஒரு பூச்சி ஒரு செடியில் கொஞ்ச நேரம் வாய் வைத்தால் போதும், அந்தச் செடி முடிந்தது. அதற்கப்புறம் எந்த மருந்து அடித்தாலும் பூச்சிதான் சாகும், உள்ளே போன வைரஸ் போகாது. முதல் வகையில் செடியைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையில் நோய் கண்ட செடியைப் பிடுங்கி மற்றதைக் காப்பாற்ற வேண்டும். கேள்விக்குத் தப்பான பதில் சொன்னால் காப்பாற்ற வேண்டிய செடியைப் பிடுங்குவோம், பிடுங்க வேண்டிய செடிக்கு மருந்து அடிப்போம்.

சரி, ஒரு பூச்சிதான் வைரஸைச் சுமந்தது என்று எப்படி நிரூபிப்பது? செடி வாடியிருக்கிறது, செடியில் பூச்சி இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. தீப்பிடித்த வீட்டின் முன்னால் நின்றவன்தான் தீ வைத்தான் என்று சொல்வது போல ஆகிவிடும். பூச்சியை நோயுள்ள செடியில் மேயவிட்டு, நல்ல செடியில் கொண்டுபோய் விட்டு, அதற்கு நோய் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நோயில்லாத பூச்சியை விட்டும் ஒப்பிட வேண்டும்.

இலைப்பேன் விஷயத்தில் இதை முதலில் செய்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே தக்காளியில் புள்ளி விழுந்து வாடும் ஒரு நோயைப் பற்றி 1919இல் எழுதினார்கள். 1927இல் பிட்மன் என்பவர் அதைப் பரப்புவது இலைப்பேன் என்று காட்டினார். அது ஒரு வைரஸ் என்று 1930இல் உறுதியானது. அப்புறம் ஒரு விசித்திரமும் தெரியவந்தது. வளர்ந்த இலைப்பேன் நோயுள்ள செடியில் எவ்வளவு நேரம் மேய்ந்தாலும் அதனால் நோயைப் பரப்ப முடியாது. குஞ்சாக இருக்கும்போதே வைரஸைக் குடித்திருக்க வேண்டும். அப்படிக் குடித்தது வளர்ந்து இறக்கை முளைத்ததும் போகிற இடமெல்லாம் பரப்பும். ஆகவே ஒரு செடியில் இலைப்பேன் வந்து மேய்ந்தால் மட்டும் போதாது. அந்தச் செடியில் அது முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளர வேண்டும். அப்போதுதான் அந்தச் செடி வைரஸுக்குப் பண்ணை ஆகும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வழக்குகள்.

வழக்கு 1: கடலைக்காய் – பெயர் மாறிய குற்றவாளி

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மானாவாரிக் கடலைக்காய்தான். ஒவ்வொரு வருஷம் செடி ஒரு மாசத்துப் பயிராக இருக்கும்போது நுனி மொட்டுக் கருகிப்போகும். புது இலை சின்னதாக, கோணலாக வரும். செடி குட்டையாக நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் காய் இருக்காது. "கண்ணு பட்டுட்டுது" என்பார் அப்பா. பெரியப்பா, "விதை சரியில்லடா" என்பார். அதற்கு மொட்டுக் கருகல் நோய் என்று பெயர் இருப்பதே எனக்கு 2022இல்தான் தெரியும்.

ஐதராபாத் பக்கத்தில் பட்டாஞ்செருவில் 1972இல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனத்தில் இதை ஆராய்ந்தார்கள். கானேகர், டி.வி.ஆர். ரெட்டி, அமீன் முதலானவர்கள் 1979இல், இது வைரஸ் நோய், ஆஸ்திரேலியாவில் கண்ட அதே தக்காளி வைரஸ்தான் என்று எழுதினார்கள். 1981இல் அதைப் பரப்பும் இலைப்பேன் இனங்கள் இவை என்று இரண்டின் பெயரையும் சொன்னார்கள். வழக்கு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. இலைப்பேன் என்பது ஒரு மில்லிமீட்டர் சமாசாரம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் மீசையில் எத்தனை கணு, முதுகில் எந்த மயிர் எங்கே என்ற அளவில்தான். 1990இல் இலைப்பேன்களை வகைபிரிப்பதில் நிபுணரான பால்மரும் இக்ரிசாட் ஆட்களும் மறுபடி பார்த்தபோது, கடலைக்காயில் இந்த நோயைப் பரப்பும் தலைவன் வேறொரு இனம் என்று தெரிந்தது. அதன் பெயர் திரிப்ஸ் பால்மி. ஆஸ்திரியாக்காரரான கார்னி என்ற பூச்சியியலாளர் 1925இல் சுமத்ராவின் புகையிலையிலிருந்து எடுத்துப் பெயர் வைத்தது. முதலில் பெயர் அடிபட்ட இரண்டும் சுத்த நிரபராதிகள் என்று சொல்ல முடியாது. அவையும் கொஞ்சம் பரப்பும் என்று பிற்கால ஆய்வுகள் உண்டு. ஆனால் முதல் குற்றவாளி அவை இல்லை.

கூடவே இன்னொரு திருத்தம். 1992இல் ரெட்டியும் மற்றவர்களும், இது ஆஸ்திரேலிய வைரஸே இல்லை, அதன் உறவுக்கார வைரஸ், தனி இனம் என்று காட்டினார்கள். ஆக பூச்சியின் பெயரும் மாறியது, வைரஸின் பெயரும் மாறியது. நல்ல ஆராய்ச்சி நிலையம், கெட்டிக்கார ஆட்கள். அவர்களுக்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தாங்கள் எழுதியதையே திருத்தி எழுதினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

இதில் ஒரு நல்லதும் உண்டு. குற்றவாளி யாரென்று தகராறு நடந்துகொண்டிருந்தபோதே சில வழிகள் வேலை செய்தன. பருவத்தில் முன்கூட்டி விதைப்பது. செடியை நெருக்கி விதைப்பது. கதிரி 3 போன்ற, நோய் குறைவாக வரும் ரகங்களைப் போடுவது. நெருக்கி விதைத்தால் சில செடி போனாலும் மிச்சம் இருப்பது காட்டை மூடிவிடும். எங்கள் பாட்டி "கலக்க விதைச்சா களஞ்சியம்" என்பதெல்லாம் சொல்லாமல் கைநிறைய விதை போடுவாள். அப்பா சிக்கனம் பார்ப்பார். பாட்டி செய்ததே சரி!

வழக்கு 2: தக்காளி – தெரிந்த பூச்சி, தெரியாத முகம்

1990களில் போர்வெல்லும் சொட்டு நீரும் வந்தபின் எங்கள் பக்கம் கடலைக்காய் குறைந்து தக்காளி ஏறியது. கோலார் மண்டி ஒரு பக்கம், அன்றைக்குச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளி மண்டி ஒரு பக்கம். பெரியப்பாதான் முதலில் இறங்கினார். இரண்டு வருஷம் நல்ல காசு. ஒரு டிவிஎஸ் 50 வாங்கினார். என்னை அதில் உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டினார்.

1999இல் நான் காலேஜில் இருந்தேன். லீவுக்கு வந்தபோது பெரியப்பா காட்டுக்குப் போனேன். செடியைத் தொட்டால் புகை எழும்புவது போல வெள்ளை ஈ. இலையெல்லாம் கிண்ணம் மாதிரி சுருண்டு, மஞ்சளாகி, செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. பூ இருக்கிறது, காய் இல்லை. பெரியப்பா அடித்த மருந்துக்குக் கணக்கில்லை. அடித்த மறுநாள் ஈ மறுபடி வந்துவிடும்.

தக்காளி இலைச் சுருட்டை நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1948லேயே வாசுதேவாவும் சாம் ராஜும் அதைப் பற்றி எழுதிவிட்டார்கள். வெள்ளை ஈ அதைப் பரப்பும் என்பதும் தெரிந்த விஷயம். ஒரு தடவை வைரஸை உறிஞ்சிய ஈ பல நாள் அதைச் சுமந்து திரியும். அப்படியென்றால் 1999இல் மட்டும் ஏன் இப்படி?

அந்த வருஷம் கோலார் மாவட்டத்தில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் முனியப்பாவும் இங்கிலாந்தின் இயற்கை வள நிறுவனத்தைச் சேர்ந்த கால்வின் முதலானவர்களும் சேர்ந்து பார்த்தார்கள். ஈ அதே ஈதான். ஆனால் வகை வேறு. 'பி வகை' என்று சொல்லப்படும் வெள்ளை ஈ. 1980களில் அமெரிக்காவில் புளோரிடாவின் பண்ணைகளில் புகுந்து, உலகம் முழுக்கச் செடி வியாபாரத்தோடு பரவியது. வெறும் கண்ணால் பார்த்தால் நம்ம ஊர் ஈக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு அடையாளம் உண்டு. அதன் குஞ்சுகள் மேய்ந்தால் பூசணி வகைச் செடியின் இலை வெள்ளி பூசியது போல வெளுத்துவிடும். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. இந்தியாவில் இந்த வகை இருப்பதைச் சொன்ன முதல் அறிக்கை அதுதான். 2001இல் வெளிவந்தது. கோலாரில் தக்காளி அழிந்ததும் இதுவும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்தபோது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா கிணற்று மேட்டில் பூசணிக்கொடி வைத்திருந்தார். 1999 லீவில் அந்த இலை வெள்ளையாக மின்னியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "சத்து இல்லடா" என்றார். சாட்சி கண் முன்னாலேயே நின்றிருக்கிறது. எங்களுக்கு அதன் பாஷை தெரியவில்லை.

அப்புறம் அதே பல்கலைக்கழகம் இலைச் சுருட்டையைத் தாங்கும் தக்காளி ரகங்களைக் கொண்டுவந்தது: நந்தி, வைபவ், சங்கராந்தி. ஈயைக் கொல்லுவதை விட, ஈ வந்தாலும் தாங்குகிற செடியை வைப்பது நல்லது என்ற கணக்கு. அவை வந்தபோது பெரியப்பா காட்டை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். டிவிஎஸ் 50 ஐயும் விற்றுவிட்டார். அப்பா என்னிடம் "இந்த மண்ணு வேணாம்டா, நீ படிச்சுட்டுப் போயிடு" என்று சொன்னது அந்த வருஷம்தான். நான் இங்கே இருப்பதற்குக் காரணம் என்ன என்று யாராவது கேட்டால் இன்ஜினியரிங், எச்1பி என்று சொல்வேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் போனால் ஒரு வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கிறது.

வழக்கு 3: அனந்தபுரம் – சுமை தூக்கி

எங்களுக்கு வடக்கே அனந்தபுரம் மாவட்டம். கடலைக்காய் என்றால் அனந்தபுரம்தான். 2000ஆம் வருஷம் மானாவாரிப் பருவத்தில் அங்கே கடலைக்காய்ச் செடி கூட்டம் கூட்டமாகக் கருகிச் செத்தது. ஏறக்குறைய 2,25,000 ஹெக்டேர். நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

கருகின செடியைப் பார்த்ததும் எல்லாருக்கும் பழைய மொட்டுக் கருகல்தான் ஞாபகம் வந்தது. அதே நுனி கருகல், அதே இலைப்பேன். ஆனால் வைரஸைப் பரிசோதித்தபோது அது அந்த வைரஸே இல்லை. புகையிலைக் கீற்று வைரஸ் என்ற வேறொன்று. இந்தியாவில் கடலைக்காயில் அதுவரை யாரும் பார்க்காதது. சூரியகாந்தியைக் கருக்கிய நோயிலும் இதே வைரஸ்தான் இருந்தது.

இன்னும் பெரிய வேடிக்கை அது பரவிய விதம். இந்த வைரஸ் இலைப்பேனின் உடம்புக்குள் போய்ப் பெருகுவதில்லை. மகரந்தத்தில் இருக்கிறது. யாருடைய மகரந்தம்? பார்த்தீனியம்! நம்ம ஊர் ரோட்டோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்குமே, தெலுங்கில் வய்யாரி பாமா என்பார்கள், அதுதான். பேரு மட்டும் எவ்வளவு ஒய்யாரமாக இருக்கிறது பாருங்கள்! 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவிய களை. இந்த வைரஸ் அதற்குள் இருந்தாலும் செடியில் ஒரு அறிகுறியும் தெரியாது. ஜம்மென்று நிற்கும்.

முதல் மழையில் பார்த்தீனியம் முளைத்துப் பூக்கிறது. அந்தப் பூவுக்குள் இலைப்பேன் உட்கார்ந்து உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்கிறது. அப்புறம் இளங்கடலைச் செடிக்குப் போய் இலையைச் சுரண்டிச் சாறு குடிக்கிறது. சுரண்டிய காயத்தில் மகரந்தம் விழுகிறது. அதிலிருந்த வைரஸ் செடிக்குள் நுழைகிறது. இலைப்பேன் இங்கே வெறும் சுமை தூக்கி. என்ன சுமக்கிறோம் என்று அதற்கே தெரியாது. வளர்ந்த இலைப்பேன் புதிதாக வைரஸை எடுக்க முடியாது என்று ஆஸ்திரேலியக் கதையில் சொன்னேனே, அந்த விதி இங்கே செல்லாது. எந்த வயது இலைப்பேனும் தூக்கலாம். பூவில் உட்காரும் பல இனங்கள் இதைச் செய்யும் என்று காட்டினார்கள்.

ஆகவே தீர்வும் மருந்து டப்பாவில் இல்லை. வரப்பிலும் தரிசிலும் இருக்கும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்குவது, காட்டைச் சுற்றி வேலி மாதிரி சோளத்தை நெருக்கமாகச் சில வரிசை போடுவது, விதைநேர்த்தி. சோளம் காற்றில் வரும் இலைப்பேனை வழியில் தடுத்து நிறுத்தும். சோளத்துக்கு அந்த வைரஸால் ஆபத்தில்லை.

மூன்று வழக்கு முடிந்தது. ஒன்றில் ஆள் மாறாட்டம். ஒன்றில் தெரிந்த ஆள், புது வேஷம். ஒன்றில் ஆளே குற்றவாளி இல்லை, அவன் தலையில் இருந்த மூட்டை குற்றவாளி.

வழக்கு 4: தம்பியின் மிளகாய்

இப்போது கறுப்பு இலைப்பேன். முழுப் பெயர் திரிப்ஸ் பார்விஸ்பைனஸ். இதற்கும் பெயர் வைத்தவர் அதே கார்னிதான், 1922இல், தாய்லாந்திலிருந்து. இந்தியாவில் முதலில் 2015இல் பெங்களூரில் பப்பாளியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆறு வருஷம் சத்தமே இல்லை. 2021 தொடக்கத்தில் குண்டூர் பக்கம் மிளகாயில் தென்பட்டது. அந்த வருஷக் கடைசியில் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளை ஒரு வழி பண்ணிவிட்டது. பூவுக்குள் கூட்டமாக இறங்கி உறிஞ்சியது. பூ உதிர்ந்தது. நின்ற காயும் தழும்பும் கோணலுமாக வந்தது. விவசாயிகள் வாரத்துக்கு ஒன்று, இரண்டு என்று மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள்.

வைரஸ்? 1996இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. புகையிலைக் கீற்று வைரஸ் உள்ள மகரந்தத்தோடு பல இலைப்பேன் இனங்களை விட்டுப் பார்த்தார்கள். இந்த இனமும் பரப்பியது. ஆக அனந்தபுரத்துச் சுமை தூக்கி வேலை இதற்கும் தெரியும். ஆனால் 2021-22இல் மிளகாயை அழித்தது வைரஸ் இல்லை, அந்தப் பூச்சியின் வாய். எண்ணிக்கைதான் ஆபத்து. அப்படியென்றால் தம்பியின் காடு முதல் வகை. காப்பாற்றப் பார்க்க வேண்டிய காடு.

இலை சுருண்டிருக்கிறதே என்றால், அதற்கு எங்கள் ஊர்ப் பெரியவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். பை முடத, கிந்தி முடத. இலை மேல்பக்கமாகப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் சிலந்திப் பேன். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் என்றால் இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாகிக் கொத்தாக நிற்கும். அடுத்து வரும் துளிரும் அப்படியேதான் வரும்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன்.

"டேய், இலை மேல சுருண்டிருக்கா, கீழயா?"

"மேலணா. பை முடததான்."

"புதுத் துளிர் எப்படி இருக்கு?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "பூச்சி கம்மியா இருக்கிற செடில துளிர் நல்லாத்தான் வருதுணா."

"அப்ப பிடுங்காத. கொத்தா குட்டையா நிக்கிற செடி இருந்தா அதை மட்டும் பிடுங்கு. வரப்புல வய்யாரி பாமா இருக்கா?"

சிரித்தான். "அது இல்லாத வரப்பு ஏதுணா இங்க?"

"அதைப் பிடுங்கு முதல்ல. நாலு பாட்டிலையும் கலக்காத. வேளாண் அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டு."

வந்து பார்த்தார்கள். நீல நிற ஒட்டுப் பொறி கட்டச் சொன்னார்கள், வேப்பெண்ணெய் சொன்னார்கள், கண்ட மருந்தையும் அடித்தால் இலைப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளும் செத்துப்போகும் என்றார்கள். எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது. முதல் பூ முழுக்கப் போனது. பின்னால் வந்த பூவில் கொஞ்சம் காய் நின்றது. கூலிக்கும் குழாய்க் கடனுக்கும் சரியாகப் போயிற்று. லாபம் பூஜ்யம். ஆனால் செடி நின்றது, காடு நின்றது. பெரியப்பாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு வாய்ப்பு தம்பிக்குக் கிடைத்தது.

கடைசியாக நமக்கு ஒரு வார்த்தை. இது ஏதோ ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். இதே கறுப்பு இலைப்பேன் 2020இல் புளோரிடாவுக்கு வந்துவிட்டது. தம்பி காட்டில் பார்த்ததை இங்கே குடைமிளகாய்க்காரர்கள் பார்க்கிறார்கள். நம்மில் சிலர் ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றைச் சேலை மடிப்பில் வைத்துக் கொண்டுவருகிறோம் (யாரென்று சொல்ல மாட்டேன், வீட்டில் சோறு வேண்டும்). கறிவேப்பிலையில் உட்காரும் ஒரு சின்னத் தத்துப்பூச்சி உண்டு. ஆரஞ்சு மரத்தைக் கொல்லும் நோயைச் சுமப்பது அதுதான். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. சுமக்கும் கதை ஒன்றுதான். அந்தப் பூச்சி புளோரிடாவில் 1998இல் தென்பட்டது. நோய் 2005இல். நடுவில் ஏழு வருஷம், வெறும் பூச்சிதானே என்று இருந்த காலம். அதற்கப்புறம் அங்கே அழிந்த ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு யார் கணக்குச் சொல்வது? ஏர்போர்ட்டில் "செடி, விதை ஏதாவது இருக்கிறதா" என்று கேட்கும்போது எனக்கு முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. எங்கள் பெரியப்பா காட்டு ஓரத்தில் அப்படிக் கேட்க யாரும் நிற்கவில்லை.

ஊரில் காடு வைத்திருக்கும் உறவுகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். புதுப் பூச்சி ஒன்று வந்தால் மருந்துக் கடைக்குப் போகுமுன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இது எந்தப் பூச்சி, பார்த்துச் சொன்னது யார்? சேதம் அதன் வாயாலா, அது சுமந்து வந்ததாலா? சுமந்து வந்தது என்றால், எங்கிருந்து?

தம்பி இந்த வருஷமும் மிளகாய்தான் போட்டிருக்கிறான். சுற்றி நாலு வரிசை சோளம். வரப்பு சுத்தமாக இருக்கிறது. கிணற்று மேட்டில் ஒரு பூசணிக்கொடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டான். இலை வெளுத்தால் உடனே எனக்குப் போன் பண்ணு என்றேன்.